வேலியில் இருந்த பொட்டு

கேள்வி: பக்கத்து வீட்டில் ஓர் ஆச்சி தனியே இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். மாத்திரை உறையை வாசித்துச் சொல், போனுக்கு ரீலோட் போட்டுவிடு, கிளினிக் என்றைக்கு என்று பார் என நாளுக்கு இரண்டு தரம் படலையில் வந்து நிற்கிறார். நான் வேலைக்கும் போய்க் குசினியையும் பார்ப்பவள். மூத்தவன் உயர்தரம் படிக்கிறான். நான் இரக்கமில்லாதவள் அல்ல. சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு போய்க் கோட்டை மான்களுக்குப் பழம் கொடுப்பேன். 2022இல் காஸ் இல்லாதபோது ஆச்சியின் விறகடுப்பில் நாங்களும் சமைத்தோம்தான். அதற்காக ஆயுள் முழுக்கக் கடனா? அயலட்டை உறவெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டதே?

– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அந்தக் காலம் என்கிறீர்கள். 2022 எந்தக் காலம், தங்கச்சி? பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடிய முன்னரே வரிசை. அந்த நாட்களில் உங்கள் பிள்ளைகளுக்குச் சுடுசோறு வந்தது ஆச்சியின் அடுப்பிலிருந்து. நீங்கள் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

கடன் என்ற சொல்லைத்தான் நான் ஏற்கவில்லை. கடன் என்றால் ஒரு நாள் தீர்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகலாம். அயல் வீட்டிலிருந்து கறி வந்த கிண்ணத்தை எங்கள் அம்மா ஒரு நாளும் வெறுமனே திருப்பி அனுப்பியதில்லை. இரண்டு தேசிக்காய், ஒரு பிடி முருங்கையிலை, ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் சீனி. அந்தக் கிண்ணம் அங்கிருந்து மறுபடி எதையாவது சுமந்து வரும். கணக்கு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று இப்போது எனக்குப் படுகிறது. தைப்பொங்கல் புக்கையும் நோன்புக் கஞ்சியும் இந்த ஊரில் அப்படித்தான் போய்வந்தன, இன்றும் போய்வருகின்றன. எங்கள் கிடுகு வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. வேலி புதிதாக அடைக்கும்போதும் அதை மட்டும் அடைக்க மாட்டார்கள். இப்போது மதில் கட்டிவிட்டோம். ஆச்சிக்குப் பொட்டு இல்லை, ஆகவே சுற்றிக்கொண்டு படலைக்கு வருகிறார்.

மாத்திரை உறை வாசிப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டு, வேளையைப் பேனையால் குறித்துத் தருவார்கள். கண் மங்கியவருக்கு எல்லா உறையும் ஒன்றுபோலத்தான். ஆச்சிக்குச் சீனி வருத்தமா என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டுப் பாருங்கள். அதற்குத் தரும் மாத்திரைகளில் சில, சாப்பிடாமல் போட்டாலோ மறந்து இரண்டு தரம் போட்டாலோ, இரத்தத்தில் சீனியைச் சட்டென்று இறக்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயங்கி விழவும் கூடும். தனியே இருப்பவர் விழுந்தால் யாருக்குத் தெரியும்? நீங்கள் செலவழிக்கும் அரை நிமிடம் அவருக்கு அரை நிமிடம் அல்ல.

மான்களுக்குக் கொடுங்கள், நல்ல காரியம். (பொலித்தீன் பையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், அதையும் தின்றுவிடுகின்றன.) ஆனால் அது உங்களுக்கு வசதியான நேரத்து இரக்கம். ஆச்சி உலை கொதிக்கும் நேரத்தில் வருகிறார், அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் களைப்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதம் முழுக்க ‘நான்’, ‘நான்’ என்றே இருக்கிறது. அந்த வீட்டில் வேறு ஆட்கள் இல்லையா? ரீலோட் போட உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு வீட்டின் அன்பையெல்லாம் ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் சாய்ந்திருந்தால், அவள் கடைசியில் படலையைச் சாத்தத்தான் செய்வாள். ஆச்சியிடமும் மனம் விட்டுச் சொல்லுங்கள்: “இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் நானே வாறன் ஆச்சி, எல்லாத்தையும் ஒண்டாப் பாப்பம்.” வருவீர்கள் என்று தெரிந்தால் அவர் இரண்டு தரம் வந்து நிற்க மாட்டார்.

இன்றைக்கு அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கி, அடுத்த திகதியை உங்கள் வீட்டுக் கலண்டரில் குறியுங்கள். அன்றைக்கு மூத்தவனை வெள்ளென எழுப்பிவிடுங்கள். ஆச்சிக்கு நம்பர் எடுக்க ஆள் போகவேண்டும்.