எத்தனைக்கு எத்தனை?

அன்புள்ள அண்ணாச்சி,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குப் போகிறாள். போன மாதம் ஒரு போட்டியில் பீமில், அதாவது ஒடுக்கமான கட்டைமேல் ஆடும் பிரிவில், 10.4 மார்க் வாங்கி வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மாமனார் மட்டும் "எத்தனைக்கு?" என்று கேட்டார். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ருமேனியாவின் நாதியா கொமனேச்சி ஒலிம்பிக்கில் பத்துக்குப் பத்து வாங்கியதைத்தான் பெரிய அதிசயமாகச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அப்போ நம்ம பேத்தி நாதியாவையே தாண்டிட்டாளா?" என்று மாமனார் தினமும் கேலி செய்கிறார். அந்தப் பத்து எங்கே போயிற்று? ஜிம்னாஸ்டிக்ஸில் உங்களால் மறக்க முடியாத தருணமும் அதுதானா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி,
பெருமாள்புரம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமனாரை எனக்குப் பிடித்துவிட்டது. நம் ஊரில் மார்க்கைச் சொன்னால் அடுத்து வரும் கேள்வி அதுதான். 480 என்றால், அது ஐநூற்றுக்கா அறுநூற்றுக்கா என்று தெரியாமல் யாரும் சிரித்துக்கூட விடமாட்டார்கள். என்னிடமும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். 2016 ஆகஸ்ட் 15 காலை. முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் ரியோ ஒலிம்பிக்கில் வால்ட், அதாவது ஓடிவந்து மேசையைத் தாவும் பிரிவின் இறுதிச் சுற்று. நம் நாட்டு தீபா கர்மாக்கரைப் பார்ப்பதற்காக விழித்திருந்து, தூக்கம் கெட்ட முகத்தோடு டீக்கடையில் நின்றேன். டீ ஆற்றிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்: "அந்தப் புள்ள பதினஞ்சு மார்க்கு வாங்கிருக்குன்னு டிவில சொல்லுதான். எத்தனைக்கு அண்ணாச்சி?" அன்றைக்கு நான் சொன்ன பதில் அவருக்கும் புரியவில்லை, எனக்கும் திருப்தியில்லை. இப்போது உங்கள் புண்ணியத்தில் மறுபடி முயன்று பார்க்கிறேன்.

முதலில் நாதியா. 1976 ஜூலை 18, மான்ட்ரியல். வயது 14. மேலும் கீழுமாக இரண்டு கம்பிகள் உள்ள அன்ஈவன் பார்ஸில் ஆடி முடித்துவிட்டுத் திரும்பினால், மார்க் பலகையில் 1.00 என்று இருக்கிறது. பத்து யாருக்கும் வராது என்று நினைத்து, பலகையை மூன்று இலக்கத்துக்குத்தான் செய்து வைத்திருந்தார்கள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அது கட்டாயச் சுற்று என்பதுதான் அவ்வளவாகத் தெரியாது. எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே அசைவுகளை, ஒரே வரிசையில் செய்து காட்ட வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் திருக்குறள் ஒப்பித்தல் போட்டி நடக்குமே, அந்த மாதிரி. பாடம் ஒன்றுதான், பிழைக்கு மார்க் குறையும். பிழையே இல்லையென்றால் பத்துதான், வேறென்ன போடுவது? அந்த இடத்தில் பத்து என்பதற்குத் தெளிவான பொருள் இருந்தது. அதே ஒலிம்பிக்கில் நாதியா மொத்தம் ஏழு பத்து வாங்கினார். நெல்லி கிம்மும் இரண்டு வாங்கினார்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், அவரவர் தானே கட்டிக்கொண்டு வரும் ஆட்டங்களுக்கும் அதே பத்துதான் கூரை. ஒருத்தி பத்துக்குத் தேவையான அளவு கடினத்தை மட்டும் பிசகாமல் செய்கிறாள், இன்னொருத்தி இதுவரை யாரும் செய்யாததைப் பிசகாமல் செய்கிறாள். இருவருக்கும் பத்து. 1988 சியோலில் தானியேலா சிலிவாஸ் ஏழு பத்து வாங்கியும் எல்லாப் பிரிவு மார்க்கையும் கூட்டிப் பார்க்கும் ஒட்டுமொத்தத் தங்கம் எலேனா ஷுஷுனோவாவுக்குப் போனது. வித்தியாசம் 0.025. அரிசிக் கடைத் தராசில்கூட இப்படி நிறுப்பதில்லை.

சரி, தருணம் கேட்டீர்களே. நாதியா இல்லை. எனக்கு அது 2004 ஏதென்ஸ், ஆண்கள் ஹை பார் இறுதிச் சுற்று. ரஷ்யாவின் அலெக்ஸி நெமோவ், அப்போது 28 வயது, அந்த விளையாட்டில் பெரியப்பா வயது. கம்பியை விட்டுப் பறந்து மறுபடி பிடிக்கும் அசைவு ஆறு செய்தார். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. இறங்கும்போது ஓர் அடி பிசகியது. மார்க் 9.725. அவ்வளவுதான், அரங்கமே கூச்சல். நிமிடங்கள் போகின்றன, கூச்சல் நிற்கவில்லை. அடுத்து ஆட வேண்டிய அமெரிக்காவின் பால் ஹாம், கை வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடியோடு கம்பிக்குக் கீழே காத்து நிற்கிறார். நடுவர்கள் கூடிப் பேசி மார்க்கை 9.762 ஆக்கினார்கள். 0.037 கூட்டியதும் கூச்சலும் கூடியது! கடைசியில் நெமோவே எழுந்து வந்தார். கும்பிட்டார், கையைத் தாழ்த்தி உட்காரச் சொன்னார், உதட்டில் விரல் வைத்து அமைதி கேட்டார். கூட்டம் அடங்கியது. ஹாம் ஆடி வெள்ளி வாங்கினார். தங்கம் இத்தாலியின் இகோர் கசீனாவுக்கு. நெமோவுக்கு ஐந்தாம் இடம்.

தனக்காகக் கத்தும் கூட்டத்தை, தன்னைத் தாண்டிப் போகப்போகிறவனுக்காக உட்கார வைத்தவர் அவர். தேர்த் திருவிழாக் கூட்டத்தை ஒரு தடவையாவது அமைதிப்படுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

அதே ஏதென்ஸில் இன்னொரு குளறுபடியும் நடந்தது. கொரியாவின் யாங் டே யங் செய்த ஆட்டத்தின் ஆரம்ப மதிப்பை, அதாவது பிழையில்லாமல் செய்தால் கிடைக்கக்கூடிய உச்ச மார்க்கை, நடுவர்கள் 0.1 குறைத்துப் போட்டுவிட்டார்கள். தங்கம் வெண்கலமானது. மூன்று நடுவர்கள் இடைநீக்கம், நீதிமன்றம் வரை வழக்கு. இரண்டும் சேர்ந்து பத்தின் கழுத்தில் கயிறாக விழுந்தன. 2006 முதல் புதிய முறை.

இப்போது மார்க் இரண்டு துண்டு. ஒன்று டி, அதாவது கடினம். பெண்கள் பீமில் என்றால், செய்தவற்றில் கடினமான எட்டு அசைவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள மதிப்பைக் கூட்டுவார்கள், வேறு சில நிபந்தனைகளுக்கும் மார்க் உண்டு. இதற்குக் கூரை கிடையாது. இன்னொன்று ஈ, அதாவது செய்த அழகு. இது பத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். சிறு பிசகுக்கு 0.1, கீழே விழுந்தால் முழுசாக ஒன்று. ஆக உங்கள் மாமனார் தேடும் பத்து எங்கேயும் போகவில்லை, பாதி மார்க்குக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

தீபாவுக்கு வருவோம். இரண்டு தாவல், இரண்டின் சராசரி. முதலாவது 14.866. இரண்டாவது புரொதுனோவா. ஓடிவந்து மேசையில் கையூன்றி எம்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு பல்டி. முதுகு முறியும், கழுத்து முறியும் என்று பெரும்பாலோர் தொடாத தாவல். டி மார்க் 7.0. தரையிறங்கும்போது ஆழமாகக் குந்திவிட்டார், உட்காராத குறைதான். ஈ 8.266. மொத்தம் 15.266. சராசரி 15.066, நான்காம் இடம். வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்துப் பெண் கியூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. தட்டைப் பாதத்தோடு அகர்தலாவிலிருந்து கிளம்பிவந்த பெண் ஒலிம்பிக் வெண்கலத்துக்கு 0.15 தூரத்தில் நின்றார். டீ மாஸ்டரிடம் நான் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கூரையில்லாத மார்க்கில் எனக்கு ஒரு பயம் உண்டு. அதற்கு நான் தாமிரபரணியின் குறுக்குத்துறைக்குப் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் நிறைந்து வரும் மாதங்களில் நாங்கள் பையன்கள் அங்கே கிடையாய்க் கிடப்போம். படியிலிருந்து குதித்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மண்டபத்து மேலிருந்து குதித்தால் கைதட்டு. அங்கிருந்தே பல்டியடித்தால் விசில். ஒருநாள் எங்கள் தெருப் பையன் ஒருவன் சுற்று முடியாமல் நெஞ்சு அடிபட விழுந்தான். இழுத்துக் கரையில் போட்டபோது மூச்சு வாங்க முடியாமல் கண் செருகிக் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி அவனை ஒன்றும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துத்தான் வைதாள்: "குதிச்சவன என்னத்த வைய? கைதட்டுன மூதியளத்தான் வையணும்."

கரணம் தப்பினால் மரணம் என்பதை நாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். எலேனா முகினா 1978 உலக சாம்பியன். மாஸ்கோ ஒலிம்பிக் நெருங்கியபோது, மார்க் கூடும் என்று அப்போது ஆண்கள் செய்துவந்த தாமஸ் சால்ட்டோவை அவர் ஆட்டத்தில் சேர்த்தார்கள். ஒன்றேமுக்கால் சுற்று சுற்றி, அதற்குள் ஒன்றரை முறை திருகி, உருண்டு எழ வேண்டும். முந்தின வருடம் முறிந்த கால் சரியாகத் தேறவில்லை. 1980 ஜூலை 3, மின்ஸ்க் பயிற்சியில் எம்பியது போதாமல் மோவாய் தரையில் இடித்துக் கழுத்து முறிந்தது. அப்போது வயது 20. அதன்பின் கைகால் அசையாமல் 26 வருடம் வாழ்ந்து 2006இல் காலமானார். பெண்களுக்கு அந்த அசைவைத் தடை செய்துவிட்டார்கள்.

அதனால்தான் 2019இல் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் பீமிலிருந்து இரண்டு பல்டி, இரண்டு திருகலோடு இறங்கிக் காட்டியபோது, சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு அதற்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பு வைத்தது. அதிக மார்க் கொடுத்தால் தகுதியில்லாதவர்களும் முயல்வார்கள் என்றது. பைல்ஸுக்குக் கோபம், ரசிகர்களுக்கு அதைவிடக் கோபம். அவருக்கு நடந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் நான் ஆச்சி கட்சி. இரண்டு வருடம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடாமல் அதே பைல்ஸ் போட்டியிலிருந்து விலகினார். ஓடிப்போய்விட்டார் என்று நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில்கூட எழுதினார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு குட்டிக்கரணமாவது போட்டவர்கள் என்று தெரியவில்லை.

அப்புறம், உங்கள் மகளிடம் அந்த 10.4இல் டி எவ்வளவு, ஈ எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஈ எவ்வளவோ அது பத்துக்கு என்று மாமனாரிடம் சொல்லிவிடலாம். டி எத்தனைக்கு என்று கேட்டால், அதற்கு 'எத்தனைக்கு' கிடையாது மாமா என்று சொல்லுங்கள், நம்பமாட்டார். பீமிலிருந்து எப்படி இறங்கினாள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி