சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் விலை பேசினால் போட்டிச் சட்டம் பாயுமா? சின்ன கம்பெனிக்கும் உண்டா?

பாயும். போட்டியாளர்கள் சேர்ந்துகொண்டு விலை வைப்பதைத் தடுக்கும் சட்டம்தான் அது. சின்ன கம்பெனிக்கும்தான். கேள்வியின் தோரணையைப் பார்த்தால் உங்கள் குழுவில் ஏற்கனவே பேசி முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் கம்பெனி செக்ரட்டரி, சிறு உற்பத்தியாளர்களுக்கு ஆலோசனை சொல்பவன். இந்தச் சட்டத்தை எடுத்தாலே "அதெல்லாம் சிமெண்ட் கம்பெனிக்காரங்களுக்கு சார்" என்பார்கள். 2012-ல் விலையில் கூட்டுச் சேர்ந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கூடவே அவர்கள் சங்கத்துக்கும் அபராதம் விழுந்தது யாருக்கும் ஞாபகமில்லை. (வழக்கு மேல்முறையீடு என்று இழுத்தது வேறு கதை.)

என் கிளையண்ட் ஒருவர் பம்ப் உதிரிபாகம் செய்பவர். ஒருநாள் சங்கக் குழுவில் ஒரு செய்தி: "ஒண்ணாம் தேதியிலிருந்து எல்லாரும் கிலோவுக்கு 4 ரூபாய் ஏத்துறோம். யாரும் குறைச்சுக் குடுக்காதீங்க." கீழே வரிசையாகக் கட்டைவிரல். இவர் எனக்கு போன் போட்டு, "நான் ஒண்ணுமே சொல்லலை சார், அந்த மெசேஜை அழிச்சிடவா?" என்றார். அழிக்கவே கூடாது என்றேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவைத்து, "இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எங்கள் விலையை நாங்களே முடிவு செய்வோம்" என்று எழுதவைத்துக் குழுவிலிருந்து வெளியே வரச்சொன்னேன். சும்மா இருந்தால் தப்பிக்க முடியாது. சட்டத்தில் ஒப்பந்தம் என்றால் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டுமல்ல, வாய்ப்பேச்சில் வந்த புரிதலும் ஒப்பந்தம்தான். மூலப்பொருள் ஏறியதால் அவருக்கும் விலையை ஏற்றியாக வேண்டும். அதனால் தனியாகக் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) போட்டு, தேதியோடு ஃபைலில் வைத்துவிட்டு ஏற்றினார்.

மறுநாள் சங்கத் தலைவரே என்னைக் கூப்பிட்டார். "உங்க சட்டத்தைப் படிச்சா யாவாரம் பண்ண முடியுமா சார்?" பேட்டரி கம்பெனிகள் சேர்ந்து விலை வைத்த வழக்கை நான் சொன்னேன். கூட்டுச் சேர்ந்தவர்களில் முதலில் போய் ஒப்புக்கொண்டு ஆதாரம் கொடுப்பவருக்கு அபராதம் முழுசாகவே தள்ளுபடியாகலாம். 2018-ல் பானசோனிக் அப்படித்தான் பைசா கட்டாமல் வெளியே வந்தது. அதே கூட்டில் இருந்த எவரெடிக்கு 171 கோடி அபராதம். "உங்க குழுவில முதல்ல போறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

"சின்னவங்களை விட்டுடுவாங்க" என்று கமெண்டில் ஒருவர் நிச்சயம் வருவார். ரயில்வேக்கு பிரேக் பிளாக் சப்ளை செய்தவர்கள் டெண்டரில் கூட்டுச் சேர்ந்த வழக்கில், 2020-ல் அபராதம் போடாமல் இனி செய்யாதே என்று ஆணை மட்டும் போட்டார்கள், உண்மைதான். அது ஆணையம் காட்டிய தயவு. சட்டத்தில் சிறுதொழிலுக்கென்று விலக்கு எதுவும் இல்லை. கார்ட்டெல் (போட்டியாளர்கள் போடும் கூட்டு) என்று முடிவானால், அது நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது டர்ன்ஓவரில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போடலாம்.

  

சங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி, தரநிர்ணயம், மின்கட்டணம், அரசுக்கு மனு எல்லாம் பேசுங்கள். விலை, யாருக்கு யார் சப்ளை, யார் எந்த டெண்டர் என்று பேச்சு திரும்பினால் எழுந்துவிடுங்கள்; எழுந்து போனதை மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) எழுதச் சொல்லிவிட்டுப் போங்கள்.