பெரிய குவில்ட்டைச் சிறு பகுதிகளாகத் தைப்பது எப்படி?

இரட்டைக் கட்டிலுக்கான குவில்ட்டை, அதாவது இரு துணிகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையை, வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். முழுப் போர்வையையும் சுருட்டி, ஊசிக்கு வலப்புறமுள்ள சிறு இடைவெளியில் நுழைப்பதே பெரும்பாடு என்பதால், அதை 12 அங்குலச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் அடுக்கித் தனித்தனியே தைத்துவிடுங்கள். ஓரத்தில் ஓர் அங்குலம் தைக்காமல் விடுவது மிக முக்கியம். இணைக்கும்போது மேல்துணிகளை மட்டும் கால் அங்குல விளிம்பு விட்டு இயந்திரத்தில் தைத்து, பஞ்சை விளிம்போடு விளிம்பு தொடும்படி வெட்டி, பின்புறம் ஓர் அடித்துணியைத் தட்டையாக விரித்து, மற்றதன் ஓரத்தை மடித்து அதன்மேல் கையால் தைக்க வேண்டும். பஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இணைப்பு மேடாகத் துருத்தும். கைத்தையலுக்கு நேரமில்லையெனில், இணைப்பின் இருபுறமும் துணிப்பட்டை வைத்து இயந்திரத்திலேயே மூடலாம். ஆனால் பட்டைகள் வெளியே தெரியும் என்பதால், ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து ஓடும் வடிவங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.