மயக்கம் தெளிந்ததும் பிள்ளை அலறியது பற்றி

சகோதரி, டொன்சில் சத்திரசிகிச்சை முடிந்து கண்விழித்த உங்கள் ஐந்து வயது மகன், உங்களையே அடையாளம் தெரியாமல் கைகால் உதறி அலறியதாக எழுதியிருந்தீர்கள். மூளை பாதித்துவிட்டதோ என்று கலங்காதீர்கள். செவோஃப்ளூரேன் என்ற முகர்வு மயக்க மருந்துக்குப் பின் சிறுவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். மூக்கை உறுத்தாத மருந்து என்பதால்தான் பிள்ளைகளுக்கு அதை முகமூடியில் கொடுக்கிறார்கள்.

முன்கூட்டியே பதறும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் காதுச் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, மயக்க மருந்து வைத்தியரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஊசிவழி கொடுக்கும் புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தில் இது குறைவு. எது பொருந்தும் என்று அவர் முடிவெடுப்பார். அன்று காலை உறவினர் கூட்டமாகக் கட்டிலைச் சூழ வேண்டாம், அழுகிற அம்மம்மா உட்பட. அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் துவாயைக் கட்டாயம் கொண்டுபோங்கள். வீடு வந்த பிறகும் இரவில் திடுக்கிட்டு எழுவது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.