நோம்பி முடியட்டும் என்று இருந்தேன்

போன இதழில் மார்பகப் புற்றுநோய் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இரண்டு இதழுக்குத் தாங்கும் போல இருக்கிறது. பாதிக்கு மேல் 'பெயர் போட வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு வந்தவை. யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்தான், பயப்படாதீங்க.

எனக்கு 47 வயது. மாசியில் குளிக்கும்போது இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. மாரியம்மன் நோம்பி முடியட்டும் என்று இருந்தேன், அப்புறம் மகளுக்கு வளைகாப்பு வந்துவிட்டது. இப்போது ஆடியும் பிறந்துவிட்டது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடும் என்று எங்கள் நங்கையா சொல்கிறார். உண்மையா? (கோபி)

அம்மணி, இதைப் படிக்கிற நேரத்துக்கு நீங்கள் டாக்டரிடம் போய் வந்திருக்க வேண்டும். போகவில்லை என்றால் நாளைக்கே கிளம்புங்க, மிச்சத்தை பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

'வலி இல்லை, அதனால் விட்டுட்டேன்' என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் ஓ.பி.யில் அதிகம் கேட்ட வார்த்தை. பல்வலி வந்தால் அன்றைக்கே ஓடுகிறோம். இது ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, வம்பே அதுதான். மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பது உண்மை. ஆனால் 47 வயதில் வந்த கட்டியை வெறுமனே தடவிப் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று நானும் சொல்ல முடியாது, உங்கள் நங்கையாவும் சொல்ல முடியாது. கையால் பரிசோதனை, மேமோகிராமோ (மார்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே) ஸ்கேனோ, அப்புறம் ஊசி வழியாகத் துளி சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பதில். ஊசி போட்டுக்கொண்டதால் ஆயுசு குறைந்தது என்று ஆய்வுகளில் தெரியவில்லை. பின்னே இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், நம் பக்கத்தில் முற்றிப் போன பிறகுதான் போகிறார்கள், போனதும் ஊசி போடுகிறார்கள், ஆறு மாசத்தில் ஆள் போய்விட்டால் பழி ஊசி மேல் விழுகிறது. நோம்பிக்காகவும் சீருக்காகவும் காத்திருந்த மாசங்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இன்னொன்று. சின்னக் கட்டியாக இருக்கும்போதே போனால் பலருக்கு மார்பையே எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், முழுதாக எடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 வருஷம் தொடர்ந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் 2002-லேயே சொல்லிவிட்டன. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை அதில் பார்க்கலாம்.

பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். முகாம் வைத்து, மாதம் ஒரு தடவை நீங்களே தடவிப் பாருங்கள் என்று சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதோடு சரி. இதனால் பலன் உண்டா? (திருப்பூர்)

உங்களை மாதிரி பெண்களிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்துத் துணி ஆலைகளில் வேலை செய்த 2,66,000 பெண்களை 1989 வாக்கில் எடுத்துக்கொண்டு, ஆலை ஆலையாக இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் சுயபரிசோதனையைச் சும்மா நோட்டீஸ் கொடுத்து அல்ல, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்து, திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தி, பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். கற்றுக்கொண்டவர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 135, கற்றுக்கொள்ளாதவர்களில் 131. அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்குக் கற்றுக்கொண்டவர்களுக்கு, புற்றுநோய் அல்லாத கட்டிக்குக் கத்தி வைத்ததும் அதிகம்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ பார்க்கவே வேண்டாமா' என்று கேட்காதீங்க. உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: புதிதாக ஒரு கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம், அக்குளில் கட்டி, இதில் எது வந்தாலும் காட்ட வேண்டும். ஆனால் நோட்டீஸ் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று கம்பெனி நினைத்தால் அது சரியில்லை.

பலன் கொடுத்தது வேறு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998-ல் ஆரம்பித்து ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 வருஷம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். மெஷின் கிடையாது, டாக்டர் கூடக் கிடையாது. பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் பரிசோதித்தார்கள். பரிசோதிக்காத பக்கத்தில், நோய் வந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு முற்றிய நிலையில் தெரிந்தது, பரிசோதித்த பக்கத்தில் அது 37. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் சாவு குறைந்ததை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் 50 தாண்டியவர்களிடம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஆக, பழகிய கை ஒன்று வேண்டும். தமிழக அரசு 2023-ல் ஈரோடு உட்பட நாலு மாவட்டங்களில் வீடு தேடி அழைப்பு கொடுத்து இந்தப் பரிசோதனையை ஆரம்பித்தது. உங்கள் கம்பெனியிலும், ஷிப்டுக்குள்ளேயே, பீஸ் ரேட் கூலி பிடிக்காமல், ஒரு நர்ஸை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்க. நாலு பேர் சேர்ந்து கேளுங்க.

நாங்கள் மஞ்சள் வெள்ளாமைக்காரர்கள். மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். கூடவே மஞ்சளும் மிளகும் போட்ட கேப்சூல் சாப்பிட்டால் திரும்ப வராது என்று மகன் வாங்கி வந்தான். சாப்பிடலாமா? (ஈரோடு)

மஞ்சளுக்கு ஊரே பேர் வாங்கியிருக்கிற இடத்தில் இதைச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. குழம்பில், ரசத்தில், பாலில் போடுகிற மஞ்சளால் ஒரு கெடுதலும் இல்லை. கேப்சூல் வேறு சமாச்சாரம், அதில் சத்தை மட்டும் பிரித்துக் குவித்து வைத்திருக்கிறார்கள். 2019-ல் நெதர்லாந்தில் டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிற 16 பெண்களிடம் பார்த்தபோது, மஞ்சள் சத்து கேப்சூல் சாப்பிட்டால் அந்த மாத்திரை உடம்பில் போய் மாறி வேலை செய்கிற பொருளின் அளவு குறைந்தது, மிளகுச் சத்தும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் காசு கொடுத்து மாத்திரையின் வேலையைக் கெடுத்துக்கொள்வானேன்? கேப்சூலை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்க.

ஆண்களுக்கு வருமா? (கரூர்)

வரும். இந்த நோய் வருகிற நூறு பேரில் ஒருவர் ஆண். உங்களுக்குக் காம்புக்குப் பின்னால் கட்டி இருந்துதான் கேட்கிறீர்கள் என்றால், அதே ஆஸ்பத்திரி, அதே ஊசி.

என் அப்பாவின் தங்கைக்கு 38 வயதில் வந்தது, அவர் மகளுக்கும் வந்தது. அம்மா பக்கம் யாருக்கும் இல்லை என்பதால் எனக்குப் பயமில்லை என்கிறார்கள். மரபணு டெஸ்ட் எடுக்கலாமா? வீட்டில் சொன்னால் 'கல்யாணம் ஆகாத பொண்ணு, வேண்டாம்' என்கிறார்கள். (கோவை)

அம்மா பக்கம்தான் கணக்கு என்று யார் சொன்னது கண்ணு? மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990-ல் கண்டுகாட்டிய, பழுதானால் இந்த நோய்க்கு வழிவிடுகிற மரபணு, பிஆர்சிஏ1, இருப்பது 17-வது குரோமோசோமில். அது அப்பாவிடமும் உண்டு, அம்மாவிடமும் உண்டு. அப்பாவிடம் அதில் பழுது இருந்தால், அவருக்கு ஒன்றும் வராமலே உங்களுக்கு வந்து சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நம் பக்கம் மாமன் மகன், அத்தை மகள் என்று கட்டிக்கொள்வதால் இரண்டு பக்கமும் ஒரே வீடாகப் போவதும் உண்டு, அதனால் சொந்தக்காரர் பட்டியல் எழுதும்போது அத்தை, பெரியப்பா மகள், அப்பத்தா எல்லாரையும் எழுதுங்க. கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கிற சினைப்பையில் புற்றுநோய் வந்தவர்களையும் சேர்த்து.

மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான் இப்படிப் பரம்பரையாக வருவது. ஆனால் பிஆர்சிஏ1-லோ, அதே மாதிரி இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-லோ பழுது இருக்கிற பெண்களில், 80 வயதுக்குள் நூற்றுக்கு 70 பேருக்கு வருகிறது. டெஸ்ட்டை முதலில் எடுக்க வேண்டியது நீங்கள் இல்லை, நோய் வந்த அத்தையோ அவர் மகளோ. அவர்களிடம் பழுது தெரிந்தால் உங்களிடம் அதே இடத்தைத் தேடுவது சுலபம். இருக்கிறது என்றாலும் கதை முடிந்துவிடாது: சின்ன வயதிலிருந்தே வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தடுப்பு மாத்திரை, வேண்டும் என்று முடிவு செய்தால் ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன. பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று: அவர்கள் வீட்டிலும் யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை.

மூன்று பிள்ளை பெற்றேன், மூன்றுக்கும் பால் கொடுத்தேன். பால் கொடுத்தவளுக்கு வராது, நீ என்ன பண்ணினாயோ என்று மாமியார் கேட்கிறார். (நாமக்கல்)

30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-ல் வந்த கணக்கு: ஒவ்வொரு 12 மாதப் பாலுக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7. குறைகிறது, அவ்வளவுதான், மறைந்து போவதில்லை. சீக்கிரம் வயதுக்கு வந்தது, மாதவிலக்கு தாமதமாக நின்றது, வயது ஏறியது, இதெல்லாம் நீங்கள் பண்ணியதா? எடை கூடாமல் பார்ப்பது, நடப்பது, மது தொடாமல் இருப்பது, இவை நம் கையில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வந்து பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை மாமியார் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடுங்க.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம். வலது மார்பை எடுத்துவிட்டார்கள். கை வீங்குகிறது, எதையும் தூக்காதே என்று ஆளாளுக்குச் சொல்வதால் மாட்டைக்கூடத் தொடுவதில்லை. எப்போதும் அசதி. வீட்டுக்காரர் திண்ணையில் படுக்கிறார், தொற்றிக்கொள்ளும் என்று நினைக்கிறாரோ என்னவோ. விசேஷத்துக்குப் போனால் சேலை ஒரு பக்கம் சரிகிறது. உயிர் பிழைத்ததே போதும் என்று இருக்க வேண்டுமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். மருந்து முடிந்ததும் டாக்டர்கள் (நானும்தான்) 'நல்லா இருக்கீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று அனுப்பிவிடுகிறோம். இந்தக் கடிதத்தில் இருப்பதில் ஒன்றைக்கூட அந்த இரண்டு நிமிஷத்தில் நாங்கள் கேட்பதில்லை.

முதலில் கை. தூக்கவே கூடாது என்பது பழைய பேச்சு. 2009-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதிப் பேரை ஒரு வருஷம் எடை தூக்க வைத்தார்கள். வீக்கம் அதனால் கூடவில்லை. திடீரென்று மோசமாவது, தூக்காதவர்களில் 29 சதவீதம், தூக்கியவர்களில் 14. ஆனால் அவர்கள் மிகக் குறைந்த எடையில், ஆள் பக்கத்தில் நிற்க, கைக்கு இறுக்க உறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அதனால் நாளைக்கே தவிட்டு மூட்டையைத் தூக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்டைப் பார்த்து உறை வாங்கிவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பியுங்க. மாட்டிடம் போகும்போது வெட்டு, முள், கொசுக்கடி பார்த்துக்கொள்ளுங்க. கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர்.

அசதிக்கு இன்னும் படுத்தால் இன்னும் அசதிதான் வரும். தினமும் தோப்பைச் சுற்றி நடங்க. டாடா மருத்துவமனையில் 850 பேரிடம் யோகாவைச் சோதித்த முடிவு 2022-ல் வந்தது, நோய் திரும்புவதோ சாவதோ 15 சதவீதம் குறைந்தது என்றார்கள். ஆளுக்குத் தகுந்தபடி மெதுவாகச் செய்கிற, மூச்சுப் பயிற்சியும் ஓய்வும் சேர்ந்த யோகா அது.

வீட்டுக்காரருக்கு: அண்ணா, இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், எப்படி இருந்தாலும் தொற்றாது. ஒருவேளை அவருக்கு எங்கே கை பட்டால் உங்களுக்கு வலிக்குமோ என்ற பயமாகவும் இருக்கலாம், பல வீடுகளில் அதுதான் விஷயம். அடுத்த தடவை அவரையும் கூட்டிப் போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்துக் கேளுங்க.

சேலைக்கு வருகிறேன். உலகத்துக்கே உள்ளாடை தைத்து அனுப்புகிற திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு மார்பை எடுத்தவர் தனக்கு அளவாக ஒன்று கேட்டு வாங்கக் கூசி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. சிலிக்கோன் மார்பு கடையில் கிடைக்கிறது, விலை கூடுதல். இல்லையென்றால் உள்ளாடையின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்து, துணியில் செய்த மார்பை அதில் வைக்கலாம். கொஞ்சம் கனம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் லேசாகித் தோள் சாயும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பஞ்சுக்கு நடுவில் ஒரு பிடி கம்புத் தானியத்தைப் போட்டுத் தைத்து வைத்திருக்கிறார். துவைப்பதற்கு முன்னால் பிரித்துக் கொட்டிவிட வேண்டும், மறந்து ஒரு தடவை நனைத்துப் போட்டதில் முளை விட்டுவிட்டது என்று அவரே சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.