எழுபத்தோராம் சங்கீதத்தை யார் வாசிப்பது?

கேள்வி: எனக்கு வயது 46. கூட்டுறவு வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். நான்கு வருடமாக மெக்செய்ன் வேதவாசிப்பு அட்டவணைப்படி தினமும் நான்கு அதிகாரம் வாசிக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. அதிகாலை நாலரைக்கு எழுந்து, "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற வசனத்தின்படி கதவைச் சாத்திக்கொள்வேன். அப்பா இறந்தபின் அம்மா எங்களோடு இருக்கிறார்கள். 78 வயது. கண்புரையால் எழுத்துத் தெரிவதில்லை. கிறிஸ்மஸ் கழிந்து ஆபரேஷன் செய்யலாம் என்று இருக்கிறோம். முன்பு அந்த நேரத்தில் கதவைத் தட்டி, எழுபத்தோராம் சங்கீதம் வாசிக்கச் சொல்வார்கள். இப்போது போனில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுத்துவிட்டதால் இடைஞ்சல் இல்லை. ஆனாலும் ஒரு வருடமாக வசனம் என்னோடு பேசவில்லை. உள்ளம் வறண்டு கிடக்கிறது. பக்தியைப் புதுப்பிக்கும் எழுப்புதல் கூட்டங்களுக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். வேறு மொழிபெயர்ப்பு வாசிக்கலாமா? விளக்கவுரையுள்ள வேதாகமம் வாங்கலாமா? என் ஆவிக்குரிய வாழ்க்கை புதிதாக வழி சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: தம்பி, "வசனம் பேசவில்லை" என்ற கடிதம் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகிறது. எழுதுகிறவர்கள் அநேகமாக உங்களைப் போன்றவர்கள்தான். ஒழுங்கானவர்கள், சபையில் பொறுப்பில் இருப்பவர்கள். பரிசுத்தவான்களுக்கும் வறட்சிக் காலம் உண்டு, பொறுமையாயிருங்கள் என்று நான்கு வரி ஆறுதல் எழுதிவிடுவது எனக்குச் சுலபம். உங்களுக்கு அதை எழுத மனம் வரவில்லை. கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த எழுபத்தோராம் சங்கீதம்தான் காரணம்.

எந்தச் சங்கீதம் என்று எண்ணோடு நினைவு வைத்திருக்கிறீர்கள். அம்மா ஏன் அதையே கேட்டார்கள் என்று யோசித்தீர்களா? மெக்செய்ன் அட்டவணையில் சங்கீதங்கள் வருடத்துக்கு இருமுறை வரும். நான்கு வருடம் தவறாமல் வாசித்திருந்தால் அந்தச் சங்கீதத்தை எட்டு முறை தாண்டி வந்திருக்கிறீர்கள். அதன் ஒன்பதாம் வசனம் இது: "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்." கணவரை இழந்த, கண் மங்கிய ஒரு தாய், மகனுடைய கதவைத் தட்டி, இதை உன் வாயால் வாசி என்று கேட்டிருக்கிறார்கள். மகன் போனை எடுத்துக் கொடுத்திருக்கிறான். வசனம் பேசவில்லை என்றா சொல்கிறீர்கள்? கதவைத் தட்டித் தட்டிப் பேசியிருக்கிறது. அதற்கு இடைஞ்சல் என்று பெயர் வைத்தது நீங்கள்.

ஒலி வேதாகமத்தை நான் குறை சொல்லவில்லை. பகலெல்லாம் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அது பெரிய உதவி. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் அப்படியே. ஆனால் ஒன்பதாம் வசனம் வரும்போது உங்கள் அம்மா அழுதால் போன் பத்தாம் வசனத்துக்குப் போய்விடும். நீங்கள் வாசித்தால் நிறுத்துவீர்கள். நிறுத்த வேண்டியிருக்கும் என்பதற்காகத்தான் போனைக் கொடுத்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

கதவுக்கு மத்தேயு ஆறாம் அதிகாரத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். அது ஜெபத்தைப் பற்றியது. மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைக் குறித்து ஆண்டவர் சொன்னது. பெற்ற தாய் வரக்கூடாது என்று தாழ்ப்பாள் போட அதில் இடமில்லை. தாய் தகப்பனைக் குறித்து அவர் கடுமையாகப் பேசியது மாற்கு ஏழாம் அதிகாரத்தில். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று போதித்தவர்களைப் பார்த்து, "தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்" என்றார். பெற்றவர்களுக்கு உரியதைப் பக்தியின் பெயரால் எடுத்துக்கொள்கிற வீட்டில் வசனம் செல்லாக்காசாகிவிடுகிறது. உங்கள் நாலரை மணி கொர்பானாகிவிட்டது, தம்பி. ஒரு வருடமாக வறட்சி என்கிறீர்கள். போனை அம்மா கையில் கொடுத்தது எப்போது? வங்கியில் இருக்கிறீர்கள், இந்தத் தேதியைச் சரிபார்ப்பது உங்களுக்குக் கஷ்டமாக இராது.

இவ்வளவு பற்றோடு மெக்செய்னைப் பின்பற்றுகிறீர்களே, அவர் என்ன செய்தார் என்று தெரியுமா? ராபர்ட் முர்ரே மெக்செய்ன் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தின் போதகர். 1839இல் அவருடைய சபையில் எழுப்புதல் உண்டானபோது அவர் ஊரிலேயே இல்லை. பாலஸ்தீனப் பயணத்தில் இருந்தார்; அவருக்குப் பதிலாகப் பிரசங்கித்துக்கொண்டிருந்தவர் வில்லியம் பர்ன்ஸ் என்ற இளைஞர். அப்படி எழுப்புதலைக் கண்ட சபைக்காக 1842இல் மெக்செய்ன் இந்த அட்டவணையைத் தயாரித்தார். அடுத்த மார்ச்சில் 29 வயதில் இறந்துபோனார். நாளுக்கு நான்கு பகுதிகள் வைத்தார் அல்லவா, அவற்றில் இரண்டு குடும்பமாக வாசிப்பதற்கு, இரண்டு தனியே வாசிப்பதற்கு என்று பிரித்துத் தலைப்பிட்டிருந்தார். உங்கள் போனில் நான்கும் ஒரே வரிசையாக வந்திருக்கலாம். வீட்டார் பங்கையும் சேர்த்து நான்கு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் ஒருவரே சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அட்டவணையோடு அதிலுள்ள ஆபத்துகளையும் அவர் சபைக்கு எழுதிக் கொடுத்தார். வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், அன்றைய பங்கை முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். "ஒரு நாளும் தவறியதில்லை" என்ற உங்கள் வரியை அந்த இரண்டாவது ஆபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

எழுப்புதல் கூட்டங்களுக்குப் போனேன் என்கிறீர்கள். வேதத்தில் எழுப்புதல் எப்படி வந்தது? ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது கிடைத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தை யோசியா ராஜா தனியறையில் உட்கார்ந்து வாசிக்கவில்லை. சம்பிரதியாகிய சாப்பான் வாசித்தான். ராஜா கேட்டு வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் காலையிலிருந்து மத்தியானம்வரை வேதபாரகனாகிய எஸ்றா வாசித்தான்; ஆண்களும் பெண்களும் கேட்டு அழுதார்கள். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்பதை நாம் காலண்டரில் அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறோம். அதே வசனத்தின் முன்பகுதியில், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்று இருக்கிறது. அதை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. மறுநாள் வம்சத்தலைவர்கள் கூடி வந்து, பண்டிகையில் கூடாரங்களில் குடியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கக் கண்டார்கள். உடனே ஜனங்கள் மலைக்குப் போய் ஒலிவக் கிளைகளையும் பேரீச்ச ஓலைகளையும் கொண்டுவந்து, வீட்டுக்கு மேலேயும் முற்றத்திலும் கூடாரம் போட்டார்கள். அப்படிச் செய்தபோது பெரிய சந்தோஷம் உண்டானதாக வாசிக்கிறோம். நீங்கள் கிளை வெட்டப் போகாமலே சந்தோஷம் கேட்கிறீர்கள்.

உங்களுக்கான கிளை 1 தீமோத்தேயு 5:4இல் இருக்கிறது. விதவைக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் "முதலாவது தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து" பெற்றார் செய்த நன்மைகளுக்குப் பதில் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். முதலாவது என்கிறார். அம்மாவை விசாரிப்பதைப் பக்திக்குக் குறுக்கே வரும் வேலையாக அவர் எண்ணவில்லை. அதுவே பக்தி என்கிறார். என் நம்பிக்கையும் அதுதான், இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. (உங்கள் வீட்டில் அம்மாவைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது உங்கள் மனைவிதான் என்று ஊகிக்கிறேன். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.)

நாளைக் காலையில் கதவைத் திறந்து வையுங்கள். அம்மா இனித் தட்ட மாட்டார்கள். ஒருமுறை போனைக் கையில் வாங்கிக்கொண்டவர்கள் மறுபடி கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே எழுந்து போய்க் கட்டிலருகே உட்கார்ந்து எழுபத்தோராம் சங்கீதத்தை வாசியுங்கள். மொத்தம் 24 வசனம், நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. பதினெட்டாம் வசனத்தில், வரப்போகிற சந்ததிக்கு உம்முடைய வல்லமையை அறிவிக்கும்வரை என்னைக் கைவிடாதிரும் என்று அந்த முதியவர் வேண்டுகிறார். அந்தச் சந்ததி உங்கள் வீட்டில் பக்கத்து அறையில் இருக்கிறது. ஆகவே மாலையில் குடும்ப ஜெபம் வையுங்கள். அட்டவணையின் இரண்டு பகுதிகளைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். வாசித்தபின் நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் அது போதும். அம்மா பேசட்டும்.

மொழிபெயர்ப்பை மாற்ற வேண்டாம். அம்மா மனப்பாடமாக வைத்திருப்பது பழைய திருப்புதல் மொழிபெயர்ப்பு. நீங்கள் பாதி வசனம் வாசித்தால் மீதியை அவர்கள் சொல்லிவிடுவார்கள். புதிய நடையில் வாசித்தால் வாயடைத்துப்போவார்கள். விளக்கவுரை வேதாகமமும் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் இலவசம். சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிறிஸ்மஸ் கழியட்டும் என்பது யாருடைய வசதிக்கு? கேக், புதுத் துணி, பஜனை எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவர்களை இருட்டில் உட்கார வைத்துவிட்டுப் பண்டிகை கொண்டாடப் போகிறீர்களா?

இதையெல்லாம் செய்த பிறகும் வறட்சி நீங்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். சங்கீதத்தை வாசித்து முடித்தபோது அம்மா என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத கடிதத்துக்கு நான் பதில் எழுத மாட்டேன்.