சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு என்றால், மணல் ஏன் உருகுவதில்லை?

நல்ல கேள்வி. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சேர்வதுதான் சகப்பிணைப்பு. வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, பாடப்புத்தக அட்டவணையில் வரும் அந்த "உருகுநிலை குறைவு" வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கும் பொருள்களுக்கு அது சரி. மணலில் மூலக்கூறு என்ற ஒன்றே கிடையாது.

மணலோடு கார்பன் டை ஆக்சைடை வைத்துப் பாருங்கள். கல்யாண வரவேற்பில் மேடையில் வெண்புகை விட வெந்நீரில் டிரை ஐஸ் போடுவார்களே, அது திட கார்பன் டை ஆக்சைடுதான். (கண்ணுக்குத் தெரியும் புகை நீர்த்துளிகள். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது.) மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸிலேயே அது திடநிலையிலிருந்து நேராக வாயுவாகிவிடும். அப்போது கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு ஒன்றுகூட அறுபடுவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் லேசான ஈர்ப்புதான் விட்டுப்போகிறது. "சகப்பிணைப்பு பலவீனமானது, அதனால் உருகுநிலை குறைவு" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். தப்பு.

இப்போது கடலை வண்டிக்கு வாருங்கள். இரும்புச் சட்டியில் மணல் மாலை முழுக்கக் காய்கிறது. கொஞ்சம் அசந்தால் கடலை கருகிவிடும், மணலுக்கு ஒன்றும் ஆகாது. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கான் டை ஆக்சைடு. அதில் ஒவ்வொரு சிலிக்கானைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களுக்குப் பொது. துகளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இதே பின்னல்தான். SiO₂ என்ற வாய்பாடு ஒன்றுக்கு இரண்டு என்று சொல்வது வெறும் விகிதம். இதை உருக்க வேண்டுமானால் சகப்பிணைப்பையே அறுத்தாக வேண்டும். அதற்குச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் தேவை. கண்ணாடியைக் குவார்ட்ஸ் கீறுவதும் இந்தப் பின்னலால்தான்.

சரி, கார்பனும் சிலிக்கானும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். கார்பன் சின்ன அணு. ஆக்சிஜனோடு நெருங்கி நின்று, பக்கவாட்டிலும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து உறுதியான இரட்டைப் பிணைப்பு அமைக்க அதனால் முடியும். அந்த இரட்டைப் பிணைப்பின் ஆற்றல், அதாவது அதை அறுக்கத் தேவையான ஆற்றல், மோலுக்குச் சுமார் 800 கிலோஜூல். இரண்டு ஒற்றைப் பிணைப்புகள் போட்டால் ஏறக்குறைய 720தான். ஆகவே இரண்டு ஆக்சிஜனோடு கார்பன் திருப்தியாக நின்றுவிடுகிறது. சிலிக்கான் பெரிய அணு என்பதால் பக்கவாட்டுப் பகிர்வு சரியாக அமையாது. அதன் இரட்டைப் பிணைப்பு 640 அளவில்தான் வரும். இரண்டு ஒற்றைப் பிணைப்புகளோ 900ஐ எட்டும். அதனால் அது நான்கு ஆக்சிஜனைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறது, பின்னல் உருவாகிறது.

கார்பன் டை ஆக்சைடையும் இப்படிப் பின்ன வைக்க முடியுமா? முடியும். 1999இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அதை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 4 லட்சம் மடங்கு நசுக்கி, லேசரால் 1,500 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். ஒற்றைப் பிணைப்புகளால் ஆன, குவார்ட்ஸ் மாதிரியான திடப்பொருள் கிடைத்தது. ஆனால் சாதாரண அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அது நிற்பதில்லை, பழையபடி தனித்தனி மூலக்கூறுகளாகிவிடுகிறது.